சாய் என்று கத்தினான்

1

இந்தக் கதை என்னுடையதன்று. சென்ற தை மாதம் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலின் சமையற்காரர், சூசை மச்சாதுவிடம் மூன்று வாக்கியங்கள் சொன்னார். சூசை அவற்றைத் தேநீர்க் கடையில் ஜெயசிங்கிடம் சொன்னார். பக்கத்துப் பலகையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, அதைப் படிக்காமல் அமர்ந்திருந்தவன் நான். வாக்கியங்கள் இவை: துவார்த்தே இப்போது போர்ச்சுக்கலில் முதல் பிரிவில் ஆடுகிறான். அதுவே அவன் தொழில். அவன் நிற்கும் பக்கமாகப் பந்தைக் கொண்டுபோக எதிரிகள் யோசிக்கிறார்கள்.

சூசை எங்கள் ஊர்க் கால்பந்துக் குழு ஒன்றின் கோல் கீப்பர். ஜெயசிங் அதே குழுவின் தடுப்பாட்டக்காரர். [தடுப்பாட்டக்காரர் என்று நான் எழுதுகிறேன். நாங்கள் ஆடும் தருவை மைதானத்தில் இப்படிக் கூப்பிட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அங்கே அவர் ‘ஸ்டாப்பர்’.] துவார்த்தே, மூன்றாண்டுகளுக்கு முன்பு, பழுதடைந்த கப்பலோடு எங்கள் துறைமுகத்தில் சிக்கிக்கொண்ட போர்ச்சுக்கீசிய இளைஞன். ஜெயசிங்கின் தோளுக்குப் பக்கத்தில் நின்று ஆடியவன்.

செய்தியைக் கேட்ட ஜெயசிங் தேநீரை ஊதிக்கொண்டே, நல்லா இருக்கட்டும் என்றார். அவ்வளவுதான் சொன்னார். இதை எழுதியே தீர்வது என்று நான் அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

நான் மேடைக்காரன். சாதியை எதிர்த்து, மூடநம்பிக்கையை எதிர்த்து, நாற்காலி கிடைத்தவுடன் நின்றுகொண்டிருப்பவர்களை மறந்துவிடுகிறவர்களை எதிர்த்துப் பேசிப் பேசியே தொண்டை தடித்தவன். துண்டறிக்கை எழுதத் தெரியும். கதை எழுதத் தெரியாது. இந்த மாத இதழின் ஆசிரியர்தாம், உம்முடைய கட்டுரைகளைப் படித்தால் காது வலிக்கிறது, ஒரு கதை தாரும் என்று கேட்டார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்த இதழ் வெளிவந்த சில நாள்களில் ஜெயசிங்குக்கு ஒரு நேர்முகத் தேர்வு இருக்கிறது. கரையோரச் சாலையிலுள்ள ஒரு தனியார் நிறுவனம், தன் கால்பந்துக் குழுவுக்கு ஒரு பயிற்சியாளரை நிரந்தர வேலையில் அமர்த்தப்போகிறது. தேர்ந்தெடுக்கப்போகிறவர் அதன் மேலாளர் வேதமணி. (அது அவருடைய உண்மைப் பெயரன்று. அவருக்குத் தெரியும்.) மூன்றாண்டுகளுக்கு முன்பு ஒரே ஒரு சொல்லின் பொருட்டு ஜெயசிங்கை வேண்டாம் என்று சொன்னவரும் அவரே. அவர் எங்கள் இதழின் சந்தாதாரர். அட்டையிலிருந்து அட்டை வரை படிப்பவர். எழுத்துப் பிழைகளுக்கு அஞ்சலட்டை போடுபவர்.

ஆகவே நான் எழுதுகிற இந்தக் கதையில் அந்த ஒரு சொல் எந்தப் பக்கம் விழுகிறதோ, அந்தப் பக்கம் ஒரு மனிதரின் வேலையும் விழும். அந்தச் சொல்: சாய்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். மூன்றையும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் தொடக்கம்: “லிஸ்பன் நகரின் மீது பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், கந்தலாடை உடுத்திய ஓர் ஏழைத்தாய் தன் மகனின் நெற்றியில்—”

இதுவரை படித்துக் காட்டியதும் ஜெயசிங் கையை உயர்த்தினார்.

“அண்ணாச்சி, அங்கன பனி கொட்டும்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? அவன் ஊர்லயும் உப்பளந்தான். நம்ம உப்பளத்தப் பாத்துட்டு, எங்க ஊருக்கே வந்துட்டேனோன்னு நின்னவன் அவன்.”

பனியை எடுத்தேன். தாயையும் எடுத்தேன். அவனுடைய தாயைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. [மேடைப் பழக்கம். தாய் வந்தால் கூட்டம் கலையாமல் உட்காரும்.]

இரண்டாம் தொடக்கம்: “நானூறு ஆண்டுகளுக்கு முன்பு, முத்துக்குளித்துறையின் மணலில் பறங்கியரின் காலடி பதிந்த அன்று, இந்தக் கரையின் தலையெழுத்தை எழுதும் கோல் கைமாறியது. குளித்தவன் ஒருவன்; முத்தை எடுத்துச் சென்றவன் மற்றொருவன். மூச்சடக்கியவன் ஒருவன், மூச்சுவிடாமல் தின்றவன்—” இப்படி ஒன்றரைப் பக்கம் ஓடிற்று. படிக்க நன்றாகவே இருந்தது. ஒன்றரைப் பக்கம் முடிந்தும் துவார்த்தே கப்பலைவிட்டு இறங்கவில்லை. கிழித்தேன்.

மூன்றாம் தொடக்கம்: “அவன் மெதுவானவன்.”

இது நிற்கட்டும்.

3

அவன் மெதுவானவன். தன் ஊரின் இளைஞர் குழுவில் ஆடிக்கொண்டிருந்தவனை, உன் கால் வேகம் போதாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கால்பந்து இல்லையென்றால் கடல் என்பது அந்த ஊர் வழக்கமாம். கப்பலேறினான். எழுபத்தாறாம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தக் கப்பல் எங்கள் துறைமுகத்துக்கு வந்து, இயந்திரத் தண்டில் விரிசல் கண்டு நின்றுவிட்டது. உதிரிப் பாகம் கடல் கடந்து வரவேண்டும். மாலுமிகளுக்குக் கரையிறங்க அனுமதி கிடைத்தது. கரையில் செய்வதற்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த மாதங்களில் நாட்டில் நெருக்கடி நிலை; பொதுக்கூட்டம் போட அனுமதி கிடையாது. கூட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கால்பந்து மைதானம் ஒன்றுதான் மிச்சம். ஆகையால் நானும் மாலைதோறும் அங்கே இருந்தேன். கால்பந்து எனக்குத் தெரியாது, இன்றும் தெரியாது. கீழே வருகிற விளையாட்டு விவரங்களில் பிழையிருந்தால் சூசைக்கு எழுதுங்கள்.

துவார்த்தே தன் கப்பலின் இரண்டாம் பொறியாளரோடு வந்தான். பொறியாளரும் போர்ச்சுக்கீசியர்; பருத்த மனிதர். ஒரு காலி எண்ணெய்த் தகரத்தின் மேல் அமர்ந்தார். துவார்த்தே கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, வெளியே வரும் பந்துகளைத் திருப்பி உதைத்தான். ஆள் குறைந்த ஒரு மாலையில் சூசை அவனைக் கைகாட்டி அழைத்தார். ஏலே, ஆட வாரியா என்று கேட்டார். அது அவனுக்குப் புரிந்தது.

அன்றைக்கு ஜெயசிங் உதைத்த பந்து மைதானத்தை ஒட்டிய வீட்டின் கண்ணாடியில் போய் விழுந்தது. எல்லோரும் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றபோது, துவார்த்தே அந்தத் திசையைச் சுட்டி, “ஜனேலா” என்றான்.

சூசை திரும்பினார். “ஏலே, இவன் ஜன்னல்ங்கான்லே.”

அதன்பின் ஒரு வாரம் ஆட்டமே நடக்கவில்லை என்று சொல்லலாம். ஒவ்வொருவனும் ஒரு பொருளைக் கொண்டுவந்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினான். சாவியை நீட்டினால் ‘ஷாவ்’ என்றான். துவாலையை நீட்டினால் ‘துவால்யா’ என்றான். மேசை, அலமாரி, பீப்பாய், எல்லாம் தேறின. சாத்தான்குளத்துக்காரரும் மளிகைக்கடைக்காரருமான ராஜதுரை, குழுவின் இடப்பக்கம் ஆடுபவர், ஒரு தேங்காயைக் கொண்டுவந்தார். அவன் ‘கோகோ’ என்றான். ஆங்கிலச் சொல்லில் பாதி வந்துவிட்டதென்று பாதி மதிப்பெண் கொடுத்தார்கள்.

[ஆண்டவர்கள் போய்விட்டார்கள், ஜன்னலும் சாவியும் தங்கிவிட்டன. வீட்டைத் திறக்கவும் பூட்டவும் ஆன சொற்களை வீட்டுக்காரனிடமே விட்டுப்போன விருந்தாளி உலகத்தில் உண்டா? இதை ஒரு கூட்டத்தில் பேசலாம். பேசுவேன். கதைக்கு வேண்டாம்.]

இதனால் இரண்டு விளைவுகள். முதலாவது நல்ல விளைவு: இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே விழும் இடைவெளிக்கு அன்று முதல் ‘ஜன்னல்’ என்றே பெயர். ஜன்னலைச் சாத்துலே என்றால் துவார்த்தேக்கும் விளங்கும், ஜெயசிங்குக்கும் விளங்கும். இரண்டாவது விளைவு ஒரு பிழையான முடிவு. துவார்த்தே பேசுவதெல்லாம் தமிழ்தான், கொஞ்சம் துருப்பிடித்திருக்கிறது என்று எங்கள் ஆட்கள் தீர்மானித்துவிட்டார்கள். நாட்டின் வேறெந்தக் கரையிலும் பதினொரு பேர் சேர்ந்து இப்படி ஒரு முடிவுக்கு வந்திருக்க மாட்டார்கள்.

4

போர்ச்சுக்கீசிய மொழியில் ‘ஸாய்’ என்றால் வெளியே வா என்று பொருள். அங்கே பின்வரிசையில் நிற்பவன் இதைக் கத்தினால், வரிசை முழுவதும் கோலைவிட்டு வெளியேறி முன்னால் ஏறவேண்டும். அப்படி ஏறினால், பின்னால் பதுங்கி நிற்கும் எதிரி ஆட்டத்துக்குப் புறம்பானவன் ஆகிவிடுவான். அதைத்தான் ‘ஆஃப் சைடு’ என்கிறார்கள். சூசை எனக்குத் தீப்பெட்டியை வைத்து விளக்கினார்.

துவார்த்தே கத்தினான். எங்கள் ஆட்களின் காதில் ‘சாய்’ என்று விழுந்தது. துருப்பிடிக்காத சுத்தத் தமிழ். பந்து எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமாக, காற்றுக்கு வள்ளம் சாய்வதைப் போல, பின்வரிசையில் நின்ற மற்ற மூன்று பேரும் ஒன்றாகச் சாய்ந்தார்கள். துவார்த்தே மட்டும் தன்னந்தனியாக முன்னால் ஓடினான். திரும்பிப் பார்த்து மறுபடி கத்தினான். அவர்கள் இன்னும் கொஞ்சம் சாய்ந்தார்கள்.

அவன் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டான். அப்போது ஒன்றைக் கவனித்தான். பந்தோடு ஓரத்தில் ஓடி வந்த எதிரிக்கு ஓட இடமில்லை. மூன்று பேர் சாய்ந்து அவனை எல்லைக்கோட்டோடு நெருக்கிவிட்டார்கள்.

மறுநாள் அவன் அதே சொல்லைக் கத்தினான், தானும் சாய்ந்தான். வரிசையாகச் சாய்கிறவன் நெடுந்தூரம் ஓடவேண்டியதில்லை. எந்தக் கணத்தில் சாய்வது என்பதை மட்டும் மற்றவர்களுக்கு முன்பாக அறிந்தால் போதும். தன் ஊரில் குறையாக எண்ணப்பட்ட மெதுவான காலுக்கு எங்கள் ஊரில் ஓர் இடம் கிடைத்தது. சொல்லப்போனால் அவனுடைய உயர்வு முழுவதும் இந்தக் காதுப் பிழையில்தான் தொடங்குகிறது.

5

இனி ஜெயசிங். இவரை எழுதுவதுதான் கடினமாக இருக்கிறது.

[முதலில் இப்படி எழுதினேன்: “ஏக்கம் நிறைந்த கண்களோடு ஜெயசிங்—” அவருடைய கண்களில் ஏக்கம் எதுவும் இல்லை. கொஞ்சம் உப்புக் காற்றின் சிவப்பு உண்டு.]

நாசரேத்துக்காரர். ஆசிரியர் குடும்பம். படிப்பைப் பாதியில் விட்டவர். சரக்கிறங்கும்போது மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் தற்காலிக வேலை. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. அப்போது திருமணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. மனைவி ஞானதீபம், மாப்பிள்ளையூரணியில் ஆசிரியை. அவருடைய சம்பளத்தில் குடும்பம் நடப்பதை ஊரார் பேசியதாகவும், அதனால் ஜெயசிங் குன்றிப்போனதாகவும் எழுதியிருந்தேன். ஞானதீபம் அதை அடித்துவிட்டார். பேசியது உண்மை, குன்றியது பொய் என்றார்.

அந்த ஆண்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு வேதமணி வருவதாகச் செய்தி வந்தது. தம் நிறுவனக் குழுவுக்கு ஒரு ஸ்டாப்பரை அன்று தேர்ந்தெடுப்பார். தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு நிரந்தர வேலை. அதுவரை ஜெயசிங்கும் துவார்த்தேயும் சேர்ந்து நின்ற ஆட்டங்களில் எங்கள் குழு ஒரு கோலும் வாங்கியிருக்கவில்லை. ஆகவே முடிவு எழுதப்பட்டுவிட்டது போலவே எல்லோரும் நடந்துகொண்டார்கள். உதிரிப் பாகம் வந்து சேர்ந்துவிட்டதால் கப்பலும் மறுநாள் புறப்படுவதாக இருந்தது.

எதிரணி ஒரு பஞ்சாலையின் குழு. நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். ஆட்டம் முடியும் தறுவாயில் அவர்களுடைய ஓர் ஆள் ஓரமாகப் பந்தைக் கொண்டுவந்தான். இன்னொருவன் துவார்த்தேயின் முதுகுக்குப் பின்னால் பதுங்கி நின்றான். துவார்த்தே கத்தினான்.

சாய்.

ஜெயசிங் சாய்ந்தார். துவார்த்தே முன்னால் ஏறினான்.

இருவருக்கும் நடுவே ஒரு ஜன்னல் திறந்தது. பதுங்கியிருந்தவனை ஆட்டத்துக்குள்ளேயே வைத்திருந்தது ஜெயசிங்கின் கால். அவன் அந்த ஜன்னல் வழியாகப் பந்தைக் கொண்டுபோனான். சூசை பாய்ந்தும் எட்டவில்லை. கூடுதல் நேரத்தில் இன்னொரு கோலும் வாங்கித் தோற்றோம்.

6

பரிசளிப்புக்குமுன் வேதமணி களத்துக்குள் இறங்கி வந்தார். எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: அந்த முதல் கோல் யாருடைய தவறு?

துவார்த்தே முன்னால் வந்தான். வலக்கையால் தன் நெஞ்சில் அடித்துக்கொண்டு, “குல்பா மிஞ்ஞா” என்றான். மறுபடியும் அடித்துக்கொண்டு அதையே சொன்னான்.

சூசை கத்தோலிக்கர். சிறுவயதில், பூசை லத்தீனில் நடந்த காலத்தில், பலிபீடத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, நெஞ்சில் கைவைத்து ‘மெயா குல்பா’ சொன்னவர். என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே.

“சார், அவன் எம் மேலதான் தப்புங்கான்” என்றார் சூசை. “பூசையில நாங்க சொல்லுததுதான். அதே சொல்லு.”

வேதமணி சீர்திருத்தத் திருச்சபைக்காரர். ஜெபமெல்லாம் சாட்சி ஆகாதுடே என்று சொல்லிச் சிரித்துவிட்டு, ஜெயசிங் பக்கம் திரும்பினார். நீ என்ன சொல்லுத என்று கேட்டார்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எழுதத் தெரிந்த எவனும் இங்கே ஜெயசிங்கைத் தியாகியாக்கிவிடுவான். நண்பனைக் காப்பாற்றத் தன் வாழ்வைக் கொடுத்தவர்! கைதட்டல்! ஆனால் ஜெயசிங் எவரையும் காப்பாற்றவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்.

“சார், அவன் ஏறப்போறான்னு அவன் மொகத்தப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிட்டு. தெரிஞ்சும், சாய்னு சொன்னானேன்னு சாஞ்சிட்டேன். கண்ணு சொன்னத விட்டுட்டுக் காது சொன்னதக் கேட்டேன். தப்பு என் மேலதான்.”

சரி, நீயே சொல்லிட்டே, அப்புறம் என்ன என்றார் வேதமணி. பஞ்சாலைக் குழுவின் ஸ்டாப்பரைத் தேர்ந்தெடுத்தார்.

அன்று மாலை கப்பலுக்குத் திரும்புமுன் துவார்த்தே, கப்பல் ஆங்கிலத்திலும் கையாலும், தன் கணக்கை ஜெயசிங்கிடம் சொன்னான். நான் உன்னுடைய பொருளில்தான் அந்தச் சொல்லைக் கத்தினேன். சாய்வதற்காகவே கத்தினேன். கத்திய பிறகு என் கால்கள் என் ஊர்ப் பொருளுக்குப் போய்விட்டன.

தீர்ப்பளிக்க எனக்குத் தகுதியில்லை. ஒருவன் காலை நொந்துகொண்டான். மற்றவர் காதை நொந்துகொண்டார். இருவரும் உண்மை சொன்னார்கள்.

7

வாசகரே, முதல் பகுதியில் சமையற்காரர் சொன்னவை மூன்று வாக்கியங்கள் என்றேன். நான்கு. நான்காவதை இந்த இடத்துக்காகப் பிடித்து வைத்திருந்தேன்.

எண்ணெய்த் தகரத்தின் மேல் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த இரண்டாம் பொறியாளருக்கு ஒரு தம்பி. சிற்றூர் ஒன்றில், இரண்டாம் பிரிவுக் குழுவுக்குப் பயிற்சி கொடுப்பவர். ஊர் திரும்பியதும் பொறியாளர் துவார்த்தேயை அவரிடம் அழைத்துப்போய்ச் சொன்னாராம்: இவன் மெதுவானவன், ஆனால் தோற்ற களத்தில் எல்லோர் முன்னாலும் நின்று என் தவறு என்று சொன்னவன், அப்படிப்பட்டவனைத்தான் பின்வரிசையில் நிறுத்த முடியும், மற்றவன் கோல் விழுந்ததும் திரும்பி அடுத்தவனைக் கைகாட்டிக்கொண்டிருப்பான்.

அங்கிருந்து இரண்டாம் பிரிவு; அங்கிருந்து முதல் பிரிவு. அந்த உயர்வைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவே. பதினைந்து பக்கம் எழுதும் எண்ணம் இருந்தது. அந்த நாட்டின் புல் எப்படியிருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. [“மரகதப் புல்வெளியில் பல்லாயிரவர் ஆர்ப்பரிக்க—” வேண்டாம்.]

ஒரே ஒரு காட்சியை மட்டும், நடந்ததா என்று தெரியாமலே, எழுதிவைத்தேன். அந்தச் சிற்றூரில் முதல் நாள் பயிற்சி. பந்து ஓரமாக வருகிறது. துவார்த்தே பழக்கத்தில் ‘சாய்’ என்று கத்திச் சாய்கிறான். மற்ற மூவரும் அவர்களுடைய மொழியில் அதைக் கேட்டு முன்னால் ஓடுகிறார்கள். தன் சொந்த மொழியில், தன் சொந்த நாட்டில், அவன் ஒருவன் மட்டும் தமிழில் தனியாகச் சாய்ந்து நிற்கிறான். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. தகரத்தின் மேல் அமர்ந்திருந்த அண்ணன் ஏதோ சொல்லியிருந்தாரல்லவா என்று நினைத்துக்கொண்டு, அதை இன்னொரு முறை செய்து காட்டச் சொல்கிறார்.

சூசைக்கு இந்தக் காட்சி பிடித்தது. ஜெயசிங், மூவரும் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று மட்டும் கேட்டார்.

அதன்பின் என் தொழிலுக்கு நான் திரும்பினேன். எழுதினேன்: “தோழர்களே, ஒரே களம், ஒரே மாலை, ஒரே ஒப்புதல். இருவர் நெஞ்சில் கைவைத்து உண்மை சொன்னார்கள். ஒருவனுடைய உண்மை அக்கரையில் ஏணியாயிற்று. மற்றவனுடைய உண்மை இக்கரையில் குழியாயிற்று. உண்மைக்கு இரண்டு விலை வைத்தது யார்? உயர்ந்தான் அந்நியன், வீழ்ந்தான்—”

இங்கே ஜெயசிங் தாளின் மேல் கையை வைத்தார்.

“நான் விழுந்து கெடக்கேன்னு யாரு சொன்னா அண்ணாச்சி? காலையில மூட்ட எண்ணுதேன். சாயங்காலம் ஆடுதேன். ஒங்க கூட்டத்துக்கு ஒரு விழுந்தவன் வேணும்னா வேற ஆளப் பாருங்க.”

அடித்துவிட்டேன். அடித்த வரிகளை இங்கே அச்சிட்டதற்குக் காரணம், அவை நல்ல வரிகள் என்று இன்னும் எனக்குத் தோன்றுவதுதான்.

8

இப்போது மறுபடி அதே நிறுவனம்; அதே வேதமணி. நிறுவனங்கள் ஆட்டக்காரராகச் சேர்க்கும் வயது கடந்துவிட்டதால் ஜெயசிங்குக்கு ஆட்டக்காரர் வேலை இனிமேல் கிடைக்காது. பயிற்சியாளர் வேலை ஒன்றுதான் வழி. வேதமணி நண்பர்களிடம் சொன்னதாகக் காதில் விழுந்தது: முக்கியமான நேரத்தில் தவறிவிட்டேன் என்று தன் வாயாலேயே சொன்னவனை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க எப்படி வைப்பது?

என் கையெழுத்துப் படியைப் படித்துவிட்டு ஞானதீபம் பள்ளிக்கூடம் விட்ட கையோடு அச்சகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

ஒரே ஒரு வரியை மாற்றுங்கள் என்றார். துவார்த்தே தன் மொழியில் வெளியே வா என்று கத்தினான். ஜெயசிங் அதைத் தமிழென்று நினைத்துச் சாய்ந்தார். ஆகவே தவறு ஜெயசிங்குடையதன்று. வேதமணி படிப்பார். மனம் மாறுவார்.

தமிழ்ப் பொருளில்தான் கத்தினேன் என்று துவார்த்தேயே சொன்னானே என்றேன்.

“அவன் மறுபடி யோசிச்சுச் சொன்னது அண்ணாச்சி. கத்தும்போது எந்தப் பாஷையில கத்துனாம்னு அவனுக்கே தெரியுமா? ஒத்தச் சொல்லுச் சத்தம். அத எந்த மொழின்னு யாரு பிரிக்க முடியும்?”

நல்ல கேள்வி. அவர் நிறுத்தவில்லை.

“அந்தத் தம்பி நல்லா இருக்கான். நீங்க இப்படி எழுதுனா அங்கன அவனுக்கு என்ன கொறஞ்சிரும்? இவுக இங்கன கப்பல் வருமா வராதான்னு கடலப் பாத்துட்டு நிக்காக. மேடையில நீங்க ஒரு வீட்டுல அடுப்பு எரியலன்னா ஊரே பட்டினின்னு பேசுவீக. அப்பல்லாம் வராத மனசாச்சி எங்க வீட்டுக்கு மட்டும் எங்கருந்து வருது?”

அச்சுக்கோப்பவர் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் சந்தைவெளிகளில் கல்லடி பட்டிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு முன்னால் நின்றதைப் போல் அங்கெல்லாம் நின்றதில்லை. கேள்வி நியாயமானது. ஞானதீபம் சொன்னதைப் போல எழுதினால் அது பொய் என்றுகூட நிரூபிக்க முடியாது.

அந்த வரியை மாற்றினேன். உண்மையாகவே மாற்றினேன், அச்சுக்கோப்பவர் அதைக் கோத்தும்விட்டார்.

மறுநாள் மாலையில் ஜெயசிங் வந்தார். ஈயத்தில் கோத்த வரியைத் தலைகீழாகவே படித்தார். கோபப்படவில்லை.

“நீங்க எப்படி வேணும்னாலும் எழுதுங்க. நேர்முகத்துல கேட்டாருன்னா நான் சாஞ்சேன், தப்பு என்னுதுன்னுதான் சொல்லுவேன். நீங்க எழுதுனது ஒண்ணு, நான் சொன்னது ஒண்ணுன்னா, ரெண்டு பேருல எவன் பொய்யன்னு அவரு யோசிப்பாரு. பாத்துக்கிடுங்க.”

ஞானதீபத்துக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று கேட்டேன்.

“அவகிட்ட நேத்தே சொல்லிட்டேன். ஒரு நாளா பேசல” என்றார்.

9

ஆகவே முடிவுகள்.

முதல் முடிவு: துவார்த்தேயின் தவறு. இதை எழுதினால் ஞானதீபம் வீட்டில் பேசுவார். நேர்முகத் தேர்வில் ஜெயசிங் அதை உடைப்பார்.

இரண்டாம் முடிவு: ஜெயசிங்கின் தவறு. இது அவரே சொன்னது. இதை எழுத நான் எதற்கு? மூன்றாண்டுகளாக ஊருக்கே தெரியும்.

மூன்றாம் முடிவு: நேர்முகத் தேர்வு நடந்துகொண்டிருக்கும்போது துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நிற்கிறது. புகழ்பெற்ற துவார்த்தே இறங்கி ஓடிவந்து, கதவைத் தள்ளித் திறந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு— [சூசை இதைக் கேட்டுவிட்டு, அவன் மெதுவானவன்லா, ஓடிவந்து சேருததுக்குள்ள நேர்முகம் முடிஞ்சிருமே என்றார். கைவிட்டேன்.]

நான்காம் முடிவு: எவருடைய தவறுமன்று, மொழியின் தவறு. எழுதினேன். படித்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது. களத்தில் நின்ற இருவரும் ஏற்றுக்கொண்ட பொறுப்பை, களத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்த நான் தூக்கி மொழியின் தலையில் வைப்பதா?

கோத்த வரியை எடுக்கச் சொன்னேன். அந்த இடத்தில் எதைக் கோப்பது என்று அச்சுக்கோப்பவர் கேட்டார். எழுத்தில்லாத வெற்று ஈயம் வைக்கச் சொன்னேன். அது அச்சில் இப்படி வரும்:

துவார்த்தே ‘சாய்’ என்று கத்தினான். அதன் பொருள்                         .

10

இந்த மாதிரிக் கதைகளில் வழக்கமாக, முடிவை வாசகரே எழுதிக்கொள்ளட்டும் என்று சொல்லி ஆசிரியர் ஒதுங்கிக்கொள்வாராம். அந்த வசதி எனக்கு இல்லை. இந்த இதழின் வாசகர்கள் எல்லோரும் சேர்ந்து அந்த வெற்றிடத்தை நிரப்பினாலும் ஜெயசிங்குக்கு வேலை வராது. அதை நிரப்பக்கூடிய வாசகர் ஒருவர்தாம் இருக்கிறார்.

திரு. வேதமணி அவர்களே, இந்தப் பக்கம்வரை வந்துவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். இதில் எழுத்துப் பிழை இருந்தால் அஞ்சலட்டை போடுங்கள், திருத்திக்கொள்கிறேன். கூட்டத்தின் நடுவே உங்களை நிறுத்திப் பேச என்னால் எளிதில் முடியும். அந்த வரிகளும் என்னிடம் தயாராக உள்ளன. ஜெயசிங் வேண்டாம் என்றார். ஆகையால் ஒன்றை மட்டும் கேட்கிறேன்.

உங்கள் குழுவில் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று ஒருவர் கற்றுக்கொடுக்க வேண்டும். கோல் விழுந்த பிறகு, அடுத்தவனைக் கைகாட்டுவது எப்படி என்று கற்றுக்கொடுக்க ஊரில் ஆள் நிறைய உண்டு. ஓர் எண்ணெய்த் தகரத்தின் மேல் அமர்ந்திருந்த பொறியாளருக்கு ஒரு மாலையில் விளங்கிவிட்ட ஒன்று, நல்ல நாற்காலியில் அமர்ந்திருக்கும் உங்களுக்கு விளங்க மூன்றாண்டுகள் போதவில்லையா?

ஜெயசிங் வருவார். நீங்கள் அதே கேள்வியைக் கேட்பீர்கள். அவரும் அதே பதிலைச் சொல்வார். அதை நான் மாற்ற முயன்று தோற்றேன். அதன்பின் அறையில் நீங்கள் இருவர் மட்டுமே இருப்பீர்கள். நான் இருக்க மாட்டேன்.

அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு என்பது இப்போது உங்களுக்கும் தெரியும். எழுந்து வெளியே வந்து அவர் கையைப் பற்றலாம். நாற்காலியில் பின்னால் சாய்ந்து அமர்ந்துகொள்ளலாம்.

சாய், ஐயா.